உயிரணுவின் பணவிடு தூது

தூது என்னும் சிற்றிலக்கியத்தைப் பாடம் சொல்லும்போது அன்னம், மயில், கிளி, மேகம் என்று வரும் பத்துத் தூதுப் பொருள்களையும் மாணவர்க்கு வரிசைப்படுத்திக் காட்டுவது வழக்கம். பிற்காலப் புலவர்கள் அந்தப் பத்தோடு நின்றுவிடவில்லை. தமிழைத் தூது விட்டார்கள். நெல்லையும் புகையிலையையும் தூது விட்டார்கள். பணத்தையும் விட்டார்கள். பணவிடு தூது என்றே அதற்குப் பெயர். கொடுக்கவும் வாங்கவும் உள்ள காசு, செய்தி சொல்லவும் போகுமா என்று முதன்முறை கேட்கும் மாணவர் சிரிப்பதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் உடலியல் அறிஞர்களும் இதே கேள்வியை ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் இதே சிரிப்போடு கேட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. காசு பேசும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொண்டைமான்களின் சமஸ்தானத்தில் புழங்கிய அம்மன் காசு மிகச் சிறிய செப்புக் காசு. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசுகள். ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபுறம் 'விஜய' என்ற சொல், அதுவும் தெலுங்கு எழுத்தில். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு இந்தக் காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. 'அம்மஞ்சல்லி பெறாது' என்ற வழக்கு இதிலிருந்தே வந்தது என்பர். வாங்கும் மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் வாங்கியவருக்கு அது இரண்டு வேலை செய்தது. கடையில் கொடுத்தால் ஏதோ ஒன்று கிடைக்கும். கையில் வைத்துப் பார்த்தால் இந்த நாடு யாருடையது, எந்தத் தெய்வத்தின் பெயரால் ஆளப்படுகிறது என்ற செய்தி தெரியும். காசு என்பது எழுதப்பட்ட உலோகம். அதைச் செலவழிப்பதில் கவனமாக இருப்பவர் அதில் எழுதியிருப்பதை வாசிப்பதில்லை.

நம் உடலில் ஒவ்வோர் உயிரணுவிலும் புழங்கும் அடினோசின் முப்பாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., அப்படிப்பட்ட ஒரு காசு. தசை சுருங்கவும், நரம்பு துடிக்கவும், புரதம் உருவாகவும் ஆற்றல் தருவது அது. பாடநூல்கள் அதனை ஆற்றல் நாணயம் என்று சொல்லியே நம்மைப் பழக்கியிருக்கின்றன. அந்த உவமை தவறன்று. ஆயினும் அது பாதி உண்மை. மறுபாதி கண்ணுக்குப் படாமல் போனதற்கும் அந்த உவமையே காரணமாயிற்று.

*

இந்த மூலக்கூற்றின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறையில் தேறியவர். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அறைகூவலை ஏற்று அறுவை அரங்கிலும் கதராடை அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டமன்று, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே. உடன்பிறந்தோர் இருவரை 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். தமக்கும் அந்நோய் வந்தபோது ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தால் பிழைத்தார். பின்னர் அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே பாடம் நடத்தினார்.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். அங்கு வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1925-இல் பாஸ்பரசின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையொன்றை வெளியிட்டனர். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் அதனைப் பல தலைமுறைகளாகக் கற்று வருகிறார்கள்.

அளக்கத் தெரிந்ததும் அதுவரை தெரியாதது தெரியத் தொடங்கியது. 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது அக்காலத்தின் நிலைபெற்ற கொள்கை. அதை ஒட்டிய ஆய்வுகளுக்கு நோபல் பரிசும் கிடைத்திருந்தது. அந்தக் கொள்கை ஆட்டங்காணத் தொடங்கியது இங்கேதான். 1929-இல் அதே தசைச் சாற்றிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதனைக் கண்டு சில வாரங்கள் முந்தி வெளியிட்டிருந்தார். எனவே இந்தக் கண்டுபிடிப்பு இரு தரப்புக்கும் உரியது என்பதே நேர்மையான கணக்கு. 1941-இல் ஃப்ரிட்ஸ் லிப்மன் எழுதிய நீண்ட கட்டுரை, ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பில் ஆற்றல் எப்படிச் சேமிக்கப்பட்டுச் செலவாகிறது என்பதை விளக்கிற்று. அதன்பின் காசு என்ற உவமை நிலைத்துவிட்டது.

*

அதே 1929-ஆம் ஆண்டில், கடலுக்கு இப்பால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், இன்னொரு கட்டுரை வெளியானது. ஆலன் ட்ரூரியும், பின்னாளில் வைட்டமின் சி ஆய்வுக்காகப் புகழ்பெற்ற ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியும் எழுதியது அது. இதயத் தசையின் சாற்றை விலங்கின் குருதியில் செலுத்தினால் இதயத் துடிப்பு மந்தப்படுகிறது; இதயக் குருதிக் குழாய்கள் விரிகின்றன; குருதி அழுத்தம் தாழ்கிறது. இந்த விளைவுகளுக்குக் காரணம் சாற்றிலுள்ள அடினைன் சேர்மங்கள் என்று அவர்கள் காட்டினர். அடினோசின் அவற்றுள் ஒன்று. ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டுகள் மூன்றும் உதிர்ந்தபின் எஞ்சுவது அடினோசின்.

ஒரே ஆண்டில் இரு நகரங்களில் ஒரே குடும்பத்துச் சேர்மங்கள் இருவேறு முகங்களைக் காட்டின. பாஸ்டனில் காசு, கேம்பிரிட்ஜில் செய்தி. பாஸ்டன் முகம் பாடநூலில் ஏறியது. கேம்பிரிட்ஜ் முகத்தைக் கொண்டு இதயநோய்க்கு மருந்து செய்யலாமா என்று பார்த்தவர்கள், அதன் விளைவு சில நொடிகளுக்குமேல் நிற்கவில்லை என்று கண்டு கைவிட்டனர்.

அடினைன் சார்ந்த இக்குடும்பத்துக்குப் பியூரின் என்று பெயர். எமில் ஃபிஷர் 1884-இல் வைத்த பெயர் அது. யூரிக் அமிலமும், காப்பியிலுள்ள கஃபீனும், மரபணுவின் எழுத்துகள் நான்கில் இரண்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

செய்தி முகத்தை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். அவர் லண்டனில் பிறந்த ஆண்டும் 1929 என்பது ஒரு தற்செயல். 1960-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சீமைப்பெருச்சாளியின் குடல் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். தானியங்கி நரம்புகள் அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் என்ற இரு தூதுப் பொருள்களைக் கொண்டே பேசுகின்றன என்பது அன்றைய முடிந்த முடிபு. அவ்விரண்டையும் மருந்தால் தடுத்துவிட்டு நரம்பைத் தூண்டினார்கள். தசை அசையாமல் இருந்திருக்க வேண்டும். மாறாக, அது தளர்ந்தது. அப்படியானால் மூன்றாவதாக ஒரு தூதுவர் இருக்க வேண்டும்.

அது யார் என்று தேடினார்கள். ஒரு பொருள் நரம்புத் தூதுவர் எனப்பட வேண்டுமானால் சில தகுதிகள் வேண்டும். நரம்பிலேயே அது உருவாக வேண்டும். தூண்டும்போது வெளிவர வேண்டும். வெளியிலிருந்து செலுத்தினாலும் அதே விளைவைத் தர வேண்டும். வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றாக விலக்கியபின் எஞ்சியது ஏ.டி.பி. 1970-இல் இதற்கான சான்றுகளை வெளியிட்டவர், 1972-இல் எழுதிய விரிவான கட்டுரையில் இவ்வகை நரம்புகளுக்குப் 'பியூரினெர்ஜிக்' நரம்புகள் என்று பெயரிட்டார். பியூரின்வழித் தூது என்று நாம் தமிழில் வழங்கலாம்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்தச் சொல்லையே சற்றுத் திரித்து 'வெறும் கற்பனை' என்று பொருள்படும்படி மாநாடுகளில் கேலி பேசினார்கள். எதிர்த்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய வாதம் காசு உவமையிலிருந்து நேராக வந்தது. எல்லா உயிரணுவிலும் கொட்டிக் கிடப்பது எப்படிக் குறிப்பிட்ட ஒரு செய்தியைச் சொல்லும்? அரும்பாடுபட்டுச் சேர்த்த காசை எந்த உயிரணு தெருவில் எறியும்?

விடை எளியது, காசை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்தால் தெரிவது. உயிரணுவுக்குள் ஏ.டி.பி. மிகுதி; வெளியே அதன் அளவு, உள்ளிருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே எல்லோரிடமும் இருப்பதால் அங்கு அது செய்தியன்று. வெளியே இல்லாததால், அங்குச் சிறிதளவு தோன்றினாலும் அது செய்தி. வீட்டுக்குள் அடுக்களைப் புகை யாருக்கும் புதிதன்று. கூரைமேல் புகை எழுந்தால் ஊரே ஓடிவரும். தூதுக்குச் செலவாவதும் இருப்பில் மிகச் சிறு பகுதியே. வெளியே வந்த ஏ.டி.பி.யை உயிரணுக்களின் புறத்தே உள்ள நொதிகள் உடனே துண்டாடுகின்றன. கடைசியில் நிற்பது அடினோசின். முதலில் வந்த ஏ.டி.பி. பெரும்பாலும் 'ஆபத்து' என்று கூவினால், பின்னால் வரும் அடினோசின் பெரும்பாலும் 'அமைதி' என்கிறது. ஒரே தூதுவர் போகும் வழியில் உடை களைந்து இரண்டாம் செய்தியையும் சொல்லி முடிப்பது போன்றது இது.

கேலி ஓய்ந்தது 1990-களில்தான். தூதைக் கேட்கும் செவிகளாகிய ஏற்பிப் புரதங்களின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டன. 1993-இல் பி2ஒய் வகை, 1994-இல் பி2எக்ஸ் வகை. இன்று மனித உடலில் அடினோசினுக்கு 4, பி2எக்ஸ் 7, பி2ஒய் 8 என ஏற்பிகள் அறியப்பட்டுள்ளன. செவிகள் இருப்பது தெரிந்தபின் பேச்சே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பர்ன்ஸ்டாக் 2020 ஜூன் மாதம் தம் 91-ஆம் வயதில் மறைந்தார்.

*

இந்தத் தூது நம் நோய்களில் எங்கெல்லாம் குறுக்கிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அடிபட்ட இடத்தில் சிதைந்த உயிரணுக்களிலிருந்து ஏ.டி.பி. கசிகிறது, அங்குள்ள நரம்பு முனைகளின் பி2எக்ஸ்3 ஏற்பிகள் அதைக் கேட்டு வலியென அறிவிக்கின்றன. அதே ஏற்பி சுவாசப் பாதையில் இருமலைத் தூண்டுகிறது. அதைத் தடுக்கும் கெஃபாபிக்ஸன்ட் என்ற மருந்து, தீராத நாட்பட்ட இருமலுக்காக ஜப்பானில் 2022-இல் ஏற்கப்பட்டது.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் மருந்துச் சீட்டில் ஆஸ்பிரினுடன் பெரும்பாலும் காணப்படும் க்ளோபிடோக்ரெல், குருதித் தட்டுகள் ஏ.டி.பி. (ஒரு பாஸ்பேட் உதிர்ந்த நிலையில் ஏ.டி.பி.யின் தம்பி எனத்தக்க அடினோசின் இருபாஸ்பேட்) வழியாக ஒன்றையொன்று கூவி அழைப்பதைத் தடுக்கிறது. இம்மருந்து அமெரிக்காவில் 1997-இல் ஏற்கப்பட்டது. அது அடைக்கும் செவியாகிய பி2ஒய்12 இன்னதென்று தெரிந்ததோ 2001-இல். நோயாளியின் உடல் அறிந்ததை நான்கு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடம் அறிந்தது.

1929-இல் கண்டு கைவிடப்பட்ட அடினோசினும் திரும்பி வந்தது. இதயம் திடீரெனப் படபடத்து ஓடும் ஒருவகைக் கோளாற்றில், மருத்துவமனையில் அடினோசினை ஊசியாக விரைந்து ஏற்றுகிறார்கள். 1989-இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. சில நொடிகளில் மறைந்துவிடுகிறது என்று எதைக் குறையாகச் சொன்னார்களோ அதுவே இங்கு நலமாயிற்று: ஓட்டத்தை ஒரு கணம் நிறுத்தி ஒழுங்குபடுத்திவிட்டுச் சுவடின்றிப் போய்விடுகிறது.

நம் நாட்டுக்கு மிக நெருக்கமான இன்னொன்று காசநோய். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால் அந்த நீரை எடுத்து 'ஏ.டி.ஏ.' சோதனைக்கு அனுப்புவார்கள். அடினோசினை உடைக்கும் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் அளவைப் பார்ப்பது அது. அளவு உயர்ந்திருந்தால் காசநோயாக இருக்கக்கூடும் என்பது மருத்துவருக்கு ஒரு முக்கியமான குறிப்பு. காலையில் நாம் அருந்தும் காப்பிக்கும் இங்கு இடமுண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது; கஃபீன் அந்தச் செவிகளைப் பொத்துகிறது. காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார், அது தமிழர் மூளையில் நுழையும் வழி இது.

*

சுப்பாராவிடம் திரும்புவோம். ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத அவர் 1940-இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போய் அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். தம் உடன்பிறந்தோரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாக உருவாக்கியது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டை-எத்தில் கார்பமசின் மாத்திரையும் அங்கிருந்து வந்ததே. ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைக் கெடுக்கும் போலிகளையும் அக்குழு செய்தது. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளின் கடும் ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை அளித்து, 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்கியதை 1948 ஜூனில் வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அம்மன் காசின் காலம் முடிந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார். வயது 53. அமெரிக்கா போனபின் அவர் ஒருமுறைகூட இந்தியா திரும்பவில்லை.

அமினாப்டெரினின் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்சேட். அதுவும் அதே கூடத்தில் பிறந்தது. பெரிய அளவில் கொடுத்தால் அது புற்றணுக்கள் பியூரின்களை உருவாக்கும் பட்டறையை மூடுகிறது. அதற்குத் துணையாகச் சேர்ந்தது மெர்காப்டோபியூரின். உயிரணு உண்மையான பியூரின் என்று நம்பி ஏற்றுக் கெடும் கள்ளக் காசு. இதனைக் கெர்ட்ரூட் எலியனுடன் சேர்ந்து உருவாக்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஹார்வர்டில் அதே ஃபிஸ்க்கின் மாணவராகப் பியூரின்களை ஆராய்ந்தவர்.

இங்கேதான் இந்த வரலாறு புதுக்கோட்டையைத் தொடுகிறது. இவ்வூரில் 1886-இல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. சுப்பாராவ் அதே கல்லூரியின் வாயிலில் நுழைந்தது அதற்குச் சில ஆண்டுகள் பின். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் முத்துலட்சுமியை விட்டு அகலவேயில்லை. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. 1980-களில் மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு ஆகிய மூன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஒரே பொதுச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டு, முன்பைக் காட்டிலும் மிகுதியான குழந்தைகளைப் பிழைக்க வைத்தன. மெத்தோட்ரெக்சேட்டும் மெர்காப்டோபியூரினும் அந்த முறையில் இருந்தன. உடன்பிறந்தாரை இழந்த இருவர், ஒருவரையொருவர் சாராமல் செய்த பணிகள், ஒரு குழந்தையின் படுக்கையருகே சந்தித்துக்கொண்டன.

கதையின் கடைசித் திருப்பம் இன்னும் வியப்பானது. அதே மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை, மிகச் சிறிய அளவில், முடக்குவாத மூட்டழற்சிக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1988 முதல் இது ஏற்கப்பட்ட சிகிச்சை. பட்டறையை மூடுவதற்கு அந்த அளவு போதாது. பின் எப்படி வேலை செய்கிறது? நியூயார்க்கைச் சேர்ந்த புரூஸ் குரோன்ஸ்டைன் 1990-களில் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். அழற்சியுள்ள இடத்தில் உயிரணுக்களுக்கு வெளியே அடினோசினை அது மிகுவிக்கிறது. அந்த 'அமைதி'த் தூது வெள்ளணுக்களைத் தணிக்கிறது. இன்றும் முதன்மையாக எடுத்துரைக்கப்படும் விளக்கங்களுள் இது ஒன்று. அவ்விளக்கத்தின்படி பார்த்தால், 1929-இல் ஏ.டி.பி.யைப் பிரித்த கைகளே, தாம் அறியாமல், அதன் மறுமுகத்துக்கான மருந்தையும் உருவாக்கிவிட்டுப் போயிருக்கின்றன. பியூரின்வழித் தூது என்ற பெயர் பிறக்கும்போது சுப்பாராவ் இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உவமையின்றி எதையும் விளங்கிக்கொள்ள முடியாது என்பது தமிழ் கற்பிக்கும் நமக்குத் தெரியும். உவமையில் பொருந்தும் பகுதியும் உண்டு, பொருந்தாத பகுதியும் உண்டு என்பதையும் அதே வகுப்பில் சொல்கிறோம். ஆற்றல் நாணயம் என்ற உவமையின் பொருந்தாப் பகுதியை யாரும் சுட்டிக்காட்டாததால் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இதையெல்லாம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று எழுதுவதற்கும் நம்மிடையே ஆள் உண்டு. அது சித்தர்களுக்கும் பெருமையன்று, சுப்பாராவுக்கும் நியாயமன்று. செய்யக்கூடியது வேறொன்று. பள்ளிப் பாடத்தில் ஆற்றல் நாணயம் என்று எழுதும் வரியின் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: இது உயிரணுவுக்கு வெளியே தூதாகவும் செல்கிறது; இதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்தவர்.